பச்சையும் பழுப்பும்

மார்ச் 4

தளபதிக்கு,

விவாகரத்து வழக்கு முடியும்வரை உன்னோடு போனில் பேச வேண்டாம், வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. இந்தக் காலத்தில் ஒருவன் உட்கார்ந்து கடிதம் எழுதுவான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அது அவர் பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அறையை அவன் தன் ஆபீஸ் வேலைக்கு எடுத்துக்கொள்கிறான். போன வாரம் காலி அட்டைப்பெட்டிகளோடு வாசலில் வந்து நின்று, "அப்பா, அவ ரோபோவையெல்லாம் யாருக்காவது குடுத்துடலாமா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்தச் சௌகரியமாக இருந்திருக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் நம் கண்ணாடிக் கடை மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். லென்ஸ் டப்பாக்கள் இருந்த அலமாரியைக் காலி செய்து, மேல் இரண்டு தட்டில் உன் பிளாஸ்டிக் ரோபோக்கள், கீழ்த் தட்டில் என் மாதிரிப் போர் விமானங்கள். ஸ்கூட்டரில் கொண்டுவந்ததுதான் பெரிய கூத்து. உன் பெரிய ரோபோவை முன்னால் நிற்க வைத்து, இரண்டு முழங்காலாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். சிக்னலில் பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு குழந்தை கையாட்டியது. நானும் ஆட்டினேன். அது என்னைப் பார்த்து ஆட்டவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

பழைய கம்ப்யூட்டரும் மாடிக்கு வந்துவிட்டது. போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது. நாம் பாதியில் விட்ட போர் விளையாட்டு அப்படியே இருக்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் என் நீலப்படை, அந்தப் பக்கம் உன் சிவப்புப்படை. திரையில் "அடுத்த முறை: சிவப்பு" என்று மின்னிக்கொண்டே இருக்கிறது. நான் தொடவில்லை.

நாம் கண்காட்சிக்காகச் செய்ய ஆரம்பித்த பெரிய ரோபோவுக்குக் காலும் உடம்பும் இருக்கிறது, கையும் தலையும் இல்லை. அதை அனுப்பட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா? மற்றவற்றை என்ன செய்ய?

உனக்கும் அவனுக்கும் என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. உன் அத்தை எல்லாரையும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். பதில் எழுதுவதாக இருந்தால் கடை முகவரிக்கு எழுது.

மாமா


மார்ச் 19

மாமாவுக்கு,

வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் இப்படியே எழுதிவிட்டேன்.

எனக்கு எதுவும் வேண்டாம். இந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலை ஒட்டி ஒரு அடுப்பு, அவ்வளவுதான். கதவைத் திறந்தால் அலமாரியைத் திறக்க முடியாது. ரோபோக்களை வைக்க வேண்டுமென்றால் நான் வெளியே நிற்க வேண்டும். ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

பல் செட் செய்யும் ஆய்வகத்தில் வேலை கிடைத்துவிட்டது. பழைய இடத்தில் செய்த அதே வேலைதான். பக்கத்து மேசைக்காரி நாள் முழுக்கப் பேசுகிறாள், நான் நாள் முழுக்க "ம்" போடுகிறேன். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசுக்குள்ளேயே கிடந்து உறுத்தும். நான் கிளம்பிய அன்று நீங்கள் வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். வீட்டிலிருந்து கடை இரண்டு தெரு தள்ளி. கார் வந்து நின்று, பெட்டி ஏற்றி, டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் நான் ஏறாமல் நின்றேன். அத்தைகூட வாசல்வரை வந்தார்கள். நீங்கள் வரவில்லை. அலமாரியைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அன்று நான் அலமாரியைப் பற்றி நினைக்கவில்லை.

இனி எழுத வேண்டாம் மாமா. வீட்டில் தெரிந்தால் உங்களுக்குத்தான் சங்கடம்.

பாலத்தின் மேல் என் டாங்கி ஒன்று நிற்கும். அதை மட்டும் ஒரு கட்டம் பின்னுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அது இந்தக் கடிதத்தில் சேராது.


ஏப்ரல் 6

தளபதிக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாங்கியை நகர்த்தச் சொன்னால் நான் எதைக் கேட்பது? டாங்கியை நகர்த்திவிட்டேன். என் பீரங்கிகளை மேட்டுக்கு ஏற்றியிருக்கிறேன். மறுபடி உன் முறை.

அன்றைய விஷயம். நான் வந்தேன். கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுத் தெருமுனைவரை வந்தேன். அங்கிருந்து பார்த்தால் நீயும் அவனும் கார் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். மாதக்கணக்கில் நீங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. இப்போது போய் நடுவில் நின்றால் பேச்சு நின்றுவிடும், பேசட்டும், பேசினால் ஒருவேளை பெட்டி இறங்கிவிடும் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உன் கார் கடையைத் தாண்டிப் போனது. நான் வாசலில்தான் நின்றேன். நீ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போனாய். எனக்கும் வருத்தம் உண்டு அம்மா. இரண்டு பேர் வருத்தமும் சரிக்குச் சரியாகப் போகட்டும்.

உன்னைக் கேட்காமல் பெரிய ரோபோவுக்குக் கை செய்ய ஆரம்பித்துவிட்டேன். விரல் ஒவ்வொன்றும் மூன்று துண்டு. வெட்டி, உப்புத்தாள் போட்டு, கோத்து முடிப்பதற்குள் கடையில் இரண்டு பேர் கண்ணாடி வாங்காமலே போய்விட்டார்கள்.

அதோடு நின்றிருக்கலாம். ரோபோவோடு கண்காட்சிக்குப் போக வேண்டிய என் விமானத்துக்கும் நானே வண்ணம் அடித்தேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றுதான். விமானப்படைத் தேர்வில் என்னைத் திருப்பி அனுப்பியதே அதற்காகத்தான். மேலே பறக்க விடாதவர்கள் கீழே கண்ணாடிக் கடை வைப்பதைத் தடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் வீட்டில் யாருக்கும் தெரியாது. நீ ஒருத்திதான், நான் பச்சையும் பழுப்புமாக மறைவண்ணம் அடித்த முதல் விமானத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வண்ண டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினாய். கடை மாடிக்குக் கொண்டுவந்தபோது அந்தச் சீட்டுகள் உரிந்துவிட்டன. நான் ஒரு குத்துமதிப்பில் அடித்தேன். பார்த்த உதவியாளர், "என்ன சார், சாக்லேட்டுல முக்கி எடுத்தாப்ல இருக்கு" என்றார்.

வண்ணத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். நீதான் சொல்ல வேண்டும்.

மாமா


ஏப்ரல் 28

மாமா,

சாக்லேட் விமானத்தைப் பற்றிப் படித்துவிட்டு ஆய்வகத்திலேயே சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி என்னவென்று கேட்டாள். சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. நான் அவ்வளவு பேசுவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் தெருமுனைவரை வந்தது தெரியாமல் போய்விட்டது. அன்று நாங்கள் பேசியது மின்சாரக் கட்டணம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பற்றி மாமா. நீங்கள் வந்திருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

இத்துடன் ஒட்டுச்சீட்டுகள் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்கான சீட்டை ஒட்டுங்கள், வேறு யோசனை வேண்டாம். ஆனால் விமானத்தின் மேல்பக்கத்தை மட்டும் விட்டுவையுங்கள். பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் கோடு தெரியாமல் கலக்க வேண்டும், அதைச் சீட்டில் எழுதி அனுப்ப முடியாது. இங்கே எங்கள் வேலையில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது. ஒரே பல்லில் வேர்ப்பக்கம் ஒரு மஞ்சள், நுனியில் ஒரு நீலம். அதைப் பார்த்துப் பார்த்துக் கண் அப்படிப் பழகிவிட்டது.

கண்காட்சி அக்டோபரில், நான் இருக்கும் இந்த ஊரில்தான். பதிவு செய்துவிடட்டுமா? நாம் திட்டமிட்டது அப்படியே இருக்கட்டும்: பழுது பார்க்கும் கொட்டகை, முன்னால் உங்கள் விமானம், பின்னால் என் ரோபோ. நீங்கள் மறுபடி ஆரம்பிப்பீர்கள், தெரியும். விமானம் நிஜ அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, ரோபோ நூறில் ஒரு பங்கு, கணக்கு உதைக்கிறது என்று. பின்னால் தள்ளி வைத்தால் தூரத்தில் நிற்பது போல இருக்கும், உதைக்காது.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் சேர்ந்து பார்த்த அந்த ஜப்பானிய ரோபோ அனிமேயின் மிச்சத்தைத் தனியாகப் பார்த்து முடித்துவிட்டேன். போர் முடிந்த பிறகும் அந்தப் பெண் இயந்திரத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். ஏன் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் பாருங்கள்.

என் காலாட்படை இரண்டும் காட்டு வழியாக வடக்கே.

தளபதி


மே 17

தளபதிக்கு,

சீட்டுகள் வந்தன. வந்த நேரம் சரியில்லை.

கடையில் பழைய நாற்காலி ஒன்றை எடுக்க அவன் வந்திருந்தான். தபால்காரர் உறையை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். பிரிக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான். பிறகு மாடிக்குப் போனான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "நீங்க யார் பக்கம்பா?" என்று கேட்டான்.

கண்ணாடி துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் நாற்காலியை எடுக்காமலே போய்விட்டான்.

வீட்டில் உன் அத்தைக்கும் தெரிந்துவிட்டது. அவள் சண்டை போடவில்லை. உன் கடிதம் வந்ததை மறைத்ததுதான் அவளுக்கு வலித்தது. இரண்டு நாளாக எல்லாருமே மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். அது சண்டையைவிட மோசம்.

கொஞ்ச காலம் நான் எழுதாமல் இருக்கிறேன். காரணம் நீ இல்லை.

மாமா


மே 25

மாமா,

அவர் கேட்டதில் தப்பில்லை. அவருடைய அப்பாவை அவர் கேட்கிறார்.

நீங்கள் என்னிடம் காரணம் கேட்கவில்லை. அதனாலேயே சொல்லத் தோன்றுகிறது. அவர் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் வேலை முடிந்து வந்து லாப்டாப்பைத் திறப்பார், நான் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். முதலில் ஆசைக்காகத்தான் செய்தேன். பிறகு பிளாஸ்டிக் வாடை இருந்தால் அவர் உள்ளே வர மாட்டார் என்பதற்காகவும் செய்தேன். இது உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த அறையில் நடந்தது எல்லாமே சந்தோஷம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அது அவருக்கு அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் கதவைத் தட்டிவிட்டு விமானத்தோடு வருவீர்களே, அந்த நேரம் மட்டும் நிஜமாகவே நன்றாக இருந்தது.

கண்காட்சிக்கு நான் பதிவு செய்யவில்லை. நீங்களும் எனக்காக வீட்டில் பேச வேண்டாம். அத்தையிடம் என் கோபம் எதுவும் இல்லை என்று மட்டும், சந்தர்ப்பம் வந்தால் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


செப்டம்பர் 9

தளபதிக்கு,

தீர்ப்பு வந்ததை நீ என்னைவிட முன்பே அறிந்திருப்பாய். நீதிமன்றத்தில் இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொண்டு பிரிந்தீர்கள் என்று அவன் வந்து சொன்னான்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மே மாதம் அவன் கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: "நீ என் பிள்ளை. உனக்கு ஒண்ணுன்னா முதல்ல நிக்கிறவன் நான்தான். அவ என்கூட விளையாடுறவ. இந்த வயசுல எனக்கு இன்னொரு ஆள் கிடைக்க மாட்டாங்க. ரெண்டையும் ஒரே தராசுல போடச் சொல்லாதே."

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் உன் அத்தை கடைக்கு வந்தாள். கடை மாடிக்கு அவள் ஏறியே பல வருஷம் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வண்ணம் அடிக்காத விமானத்தை எடுத்து, இது மட்டும் ஏன் இப்படி மூளியாக இருக்கிறது என்று கேட்டாள். இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்ததால், என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "அப்போ நம்ம ஹால்ல தொங்குற திரைச்சீலை என்ன நிறம்?" என்றாள். இளம்பச்சை என்றேன். நானே தேடி வாங்கியது, பெருமையாகவே சொன்னேன்.

அது பழுப்பாம். சேற்றுப் பழுப்பு. நான் அவளிடம் பச்சை என்று சொல்லி வாங்கி வந்து மாட்டிய நாளிலிருந்து, தன்னைச் சீண்டத்தான் அப்படிச் செய்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். கேட்டுச் சண்டை போடுவதைவிடக் கேட்காமல் இருப்பதே மானம் என்று விட்டுவிட்டாளாம். "எத்தனை வருஷம் உங்களை மனசுக்குள்ள திட்டியிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு உன்னைப் பற்றிக் கேட்டாள். உன் மே மாதக் கடிதத்தில் அவளுக்காக எழுதியிருந்ததைச் சொன்னேன். மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, இறங்கிப் போனாள்.

இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அந்த ரோபோ அனிமேயை அவளும் என்னோடு உட்கார்ந்து பார்க்கிறாள். மொழி புரியவில்லை, கீழே ஓடும் எழுத்தைப் படிக்கக் கண்ணாடி போட மறுக்கிறாள். கண்ணாடிக் கடைக்காரன் பெண்டாட்டி. இருந்தாலும், "அந்தப் பொண்ணு இறங்கினா யாரும் அவளைத் தேட மாட்டாங்கன்னு பயப்படுறா" என்று சொன்னாள். நீ சொல்ல மாட்டேன் என்ற காரணம் அதுதானா?

போன ஞாயிற்றுக்கிழமை அவன் கடைக்கு வந்தான். ரோபோ இப்போது முழுதாக நிற்கிறது, தலையும் வைத்தாகிவிட்டது. கொட்டகையும் முடித்துவிட்டேன். நான் அதையெல்லாம் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன், எங்கே போகப்போகிறது என்று தெரியாமலே. அவன் பார்த்துவிட்டு, "இப்படி எடுத்துட்டுப் போனா ஸ்டேஷன் தாண்டுறதுக்குள்ள இறக்கை போயிடும்பா" என்றான். சரக்கு அனுப்பும் கம்பெனியில் அவன் வேலையே அதுதானே. எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். பெட்டி தயாராகி வருமாம். கண்காட்சி தேதியை மட்டும் கேட்டான்.

ஆகவே பதிவு செய்துவிடு. விமானத்தின் மேல்பக்கம் உனக்காகக் காலியாக இருக்கிறது.

மாமா


நவம்பர் 3

மாமா,

நீங்கள் சனிக்கிழமை ரயிலைப் பிடித்துப் போய்விட்டீர்கள். நடுவர்கள் வந்தது ஞாயிற்றுக்கிழமை. அதனால் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

பரிசு இல்லை. மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, "விமானமும் ரோபோவும் ஒரே அளவுல இல்லையே" என்றார். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். தூரத்தில் நிற்பதாகக் காட்டியிருக்கிறோம் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வண்ணம் பிரமாதம், ஆனால் அளவு உதைக்கிறது என்று அட்டையில் எழுதிவிட்டுப் போனார். "உதைக்கிறது" என்ற அதே வார்த்தை. உங்களுக்கு அவர் சொந்தமா?

ஆனால் மத்தியானம் முழுக்க நம் மேசையைச் சுற்றிக் கூட்டம். முக்கால்வாசிப் பேர் விமானத்துக்குத்தான் வந்தார்கள். பச்சை எங்கே முடிகிறது, பழுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலை நீட்டிக்கொண்டே நின்ற ஒருவரிடம், வெள்ளிக்கிழமை ராத்திரி நான் அதை அடிக்கும்போது பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கேள்வியே கிடையாது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை உங்களை அழைக்க ஸ்டேஷனுக்கு வந்தபோது எனக்கு ஒரே யோசனை. இத்தனை கடிதம் எழுதிய பிறகு நேரில் என்ன பேசுவது? நீங்கள் இறங்கியதும், பெட்டியைத் தலைகீழாகப் பிடித்த போர்ட்டரோடு சண்டை போட ஆரம்பித்தீர்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. அத்தை கொடுத்தனுப்பிய போர்வை கனமாக இருக்கிறது. இந்த ஊர்க் குளிர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள். இல்லை, நானே எழுதுகிறேன், வீட்டு முகவரிக்கு.

ஒன்றை அன்று உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் என் அறைக்கு வந்து முகம் கழுவப் போனபோது நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தெர்மாகோல் மாதிரித் தடித்த நுரைப்பலகை. அதில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக, அதன் உருவத்திலேயே குழி வெட்டியிருந்தது. இறக்கைக்கு இறக்கை மாதிரி. ரோபோவின் வலது கைக்கு, அது மடங்கியிருக்கும் அதே கோணத்தில். கொட்டகையின் ஏணிக்குக்கூட ஒரு சின்னக் கோடு. இயந்திரத்தில் வெட்டியதில்லை, கத்தியால் வெட்டியது. ஓரிரண்டு இடத்தில் தப்பாகி மறுபடி வெட்டியிருக்கிறார்.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்க்காமல் அப்படி வெட்ட முடியாது மாமா. நான் அங்கே இருந்த காலத்தில் அவர் அவற்றில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. தொடச் சொல்லி நானும் கேட்டதில்லை. திறந்தபடியே கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் துண்டைக் கேட்டுக் குரல் கொடுத்த பிறகுதான் எழுந்தேன்.

அவருக்கு நான் கடிதம் எழுதப்போவதில்லை. அது இரண்டு பேருக்கும் நல்லதில்லை. நீங்கள் ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். சாப்பிடும்போது, வேறு ஏதாவது பேச்சுக்கு நடுவில் சொல்லுங்கள், பெரிதாக்க வேண்டாம்.

பெட்டி பத்திரமாக வந்தது, எதுவும் உடையவில்லை என்று சொல்லுங்கள்.

தளபதி